கமுண்டா 7 இலவசப் பதிப்பு: 6 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஒரு செயலியின் பின்னணியில் கமுண்டா 7-இன் (அலுவல் படிகளை வரைபடமாக வரைந்து தந்தால் அதன்படி இயக்கும் எஞ்சின்) இலவசப் பதிப்பை 6 ஆண்டுகளாக இயக்கி வருகிறேன். ஆக்டிவிட்டி என்னும் இன்னொரு எஞ்சினிலிருந்து 2013-இல் பிரிந்து வந்த இந்த எஞ்சின், ஜாவா செயலிக்குள்ளேயே ஒரு லைப்ரரியாக அமர்ந்துகொண்டு, செயலியின் தரவுத்தளத்திலேயே தன் நிலையையும் எழுதிவைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்; பின்னாளில் பட்ட சிரமங்களில் பாதிக்கும் காரணம் அதுவே.

ஒரு காத்திருப்பு நிலையிலிருந்து (அலுவலரின் ஒப்புதல் போன்ற ஒன்றுக்காக எஞ்சின் நிற்கும் இடம்) அடுத்த காத்திருப்பு நிலை வரையுள்ள படிகள் அனைத்தையும் எஞ்சின் ஒரே டிரான்ஸாக்ஷனில், அதாவது முழுதும் பதிவாகும் அல்லது எதுவுமே பதிவாகாத ஒரே தொகுப்பாக, ஓட்டிவிடுகிறது. எங்கள் வரைபடத்தில் அலுவலரின் ஒப்புதலுக்குப் பிறகு வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் படியும், அதையடுத்துக் கடன் மதிப்பெண் கேட்கும் படியும் இருந்தன. ஒரு நாள் மதிப்பெண் சேவை பதில் தராமல் போகவே, எக்ஸெப்ஷன் எழுந்து, எல்லாம் ரோல்பேக் ஆகி, விண்ணப்பம் ஒப்புதல் படிக்கே திரும்பியது. தான் தொடாதது போல அது திரையில் நிற்பதைக் கண்ட அலுவலர் மீண்டும் பட்டனை அழுத்தினார். பிறகு இன்னொரு முறையும் அழுத்தினார். தரவுத்தளத்தில் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. வாடிக்கையாளரின் கைபேசியிலோ மூன்று குறுஞ்செய்திகள். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்ததை ஊன்றிப் படிக்காதது எங்கள் பிழைதான். அன்றிலிருந்து, வெளிச் சேவையைத் தொடும் ஒவ்வொரு படிக்கு முன்னும் 'அசிங்க்' குறியிடுகிறோம்; அதுவரை நடந்ததைச் சேமித்துவிட்டு அந்தப் படியைத் தனி டிரான்ஸாக்ஷனில் ஓட்டச் சொல்லும் குறி அது. (தமிழில் எழுதினால் அச்சொல் வேறெதையோ நினைவூட்டும் என்பது எங்கள் குழுவில் ஓயாத வேடிக்கை.)

அப்படிக் குறியிட்ட படி தோற்றால் எஞ்சின் மொத்தம் 3 முறை முயலும்; ஆனால் இயல்பு அமைப்பில் முயற்சிகளுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. வெளிச் சேவை 10 நிமிடம் படுத்துவிட்டாலே மூன்று வாய்ப்பும் தீர்ந்து, விண்ணப்பங்கள் தோற்று நின்றவற்றுக்கான 'இன்சிடென்ட்' பட்டியலில் குவிந்துவிடும். இடைவெளியை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

இலவசப் பதிப்பில் எனக்குப் பெரிதும் உறுத்துவது, காக்பிட் என்னும் கண்காணிப்புத் திரையில் முடிந்துபோன செயல்முறைகளைப் பார்க்க வழியில்லாததே. தகவல் எங்கும் தொலைந்துவிடவில்லை. வரலாற்று அட்டவணைகளில் நொடி பிசகாமல் பதிவாகியிருக்கிறது, ஏபிஐ வழியாகக் கேட்டாலும் கிடைக்கிறது. "போன மாதம் இந்த விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது?" என்று தணிக்கையாளர் கேட்டபோது காட்டுவதற்குத் திரைதான் இல்லை, அதை நாங்களே எழுதிக்கொண்டோம். சிக்கிய விண்ணப்பத்தை வேறு படிக்கு நகர்த்துவதும் இதே கதைதான்: ஏபிஐயில் உண்டு, இலவசத் திரையில் இல்லை.

சிறு விசித்திரங்களும் உண்டு. எழுத்துகளைத் தாங்கும் சர மாறி (string variable) 4000 எழுத்தைத் தாண்டினால் தரவுத்தளம் ஏற்க மறுக்கும். 7.20-க்கு மேம்படுத்தியபோது, வரலாற்றை எத்தனை நாள் வைத்திருப்பது என்று குறிப்பிடாத பழைய வரைபடங்களை எஞ்சின் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் திறந்து ஒரு வரி சேர்த்தோம்.

இலவசப் பதிப்பின் கடைசி வெளியீடு 2025 அக்டோபரில் வந்த 7.24. கமுண்டா 8-இன் கட்டமைப்பு முற்றிலும் வேறு, 8.6 முதல் உற்பத்திப் பயன்பாட்டுக்கு உரிமமும் வாங்க வேண்டும். ஆகவே 7-இலிருந்து கிளைத்த ஆப்பரேட்டன் என்னும் எஞ்சினைச் சோதனைச் சூழலில் ஏற்றியிருக்கிறோம். பேக்கேஜ் பெயர்கள் மாறியிருப்பதால், இந்த வாரம் முழுவதும் இம்போர்ட் வரிகளைத் திருத்துவதிலேயே கழிகிறது.