சுங்கை சிப்புட்டில் தனியாகச் சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த அண்ணன் கடைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் போங்கள், முடிந்தால் தனியாகவே போங்கள். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சுமார்தான், இதைவிட நல்லது ஊரிலேயே கிடைக்கும். நுரை வர ஆற்றித் தரும் பால் தேநீர், தே தாரிக், அருமை. காரமான கணவாய்ச் சம்பல், சோத்தோங் சம்பல், சீக்கிரம் தீர்ந்துவிடும், உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். ஆனால் நான் எழுத வந்தது அங்கே ஓடும் பாட்டைப் பற்றி.

அண்ணனின் அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். அவர் சேர்த்து வைத்த அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த 'கண்ட்ரி' பாட்டுக் கேசட்டுகளை மகன் இன்னும் விடாமல் போடுகிறார்: ஜிம் ரீவ்ஸ், பேட்சி கிளைன், ஹேங்க் வில்லியம்ஸ். ரேடியோவின் கேசட் மூடி உடைந்து ரப்பர் பேண்டில் நிற்கிறது, கையைத் துண்டில் துடைக்காமல் அதைத் தொடமாட்டார்.

இவர்கள் பாடுவது பெரும்பாலும் தனிமையை. தனிமையைப் பாடாத இசை எது என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் கண்ட்ரி பாட்டில் தனியாக இருப்பவன் யாரையாவது கூப்பிட்டுப் பேசிவிடத் துடிக்கிறான், எனக்கு அதுதான் பிடிக்கும். 1959இல் வந்த ஜிம் ரீவ்ஸின் 'ஹீல் ஹேவ் டு கோ' முழுக்க டெலிபோன் பேச்சு. அந்தப் பக்கம் அவள், அவள் அருகில் வேறொருவன், இவன் கையில் வெறும் ரிசீவர். இவ்வளவுக்கும் மனிதர் குரலை உயர்த்தவே இல்லை, மைக்கை ஒட்டி நின்று நம் காதோடு பாடுகிறார். ஹேங்க் வில்லியம்ஸ் 1949இல் பதிவு செய்த 'ஐம் சோ லோன்சம் ஐ குட் க்ரை'யில் பேச்சுக்குக்கூட ஆள் இல்லை, அதனால் பறவையும் நிலாவும் தன்னோடு சேர்ந்து அழுவதாக நினைத்துக்கொள்கிறார். 1953 புத்தாண்டு அன்று, கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டில் இறந்துபோனபோது அவருக்கு 29 வயதுதான். அப்புறம் கண்ட்ரி பாட்டில் வரும் அந்த ஸ்டீல் கிட்டார், ஹவாயிலிருந்து வந்த வாத்தியம், தந்திமேல் இரும்புத் துண்டை வைத்து இழுக்கும்போது நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தை விட மனமில்லாமல் இழுப்பதுபோல் இருக்கும்.

இந்த ஊரில் அது எடுபடாமல் போகுமா? ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின, பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒற்றை ஆளாக வரும் பெரியவர்கள் இந்தக் கடையில் அதிகம். ஒருவர் வந்து உட்கார்ந்ததுமே, "தம்பி, அந்த டெலிபோன் பாட்டைப் போடுப்பா" என்பார். "போடுறேன் ஐயா, முதல்ல சாப்பிடுங்க" என்று இலையைப் போடுவார் அண்ணன். கூட்டம் இல்லாவிட்டால் தன் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார், பாட்டு முடியும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். சாப்பாட்டுக்கடையில் இப்படி ஒரு மரியாதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காசாகக் கொண்டு போங்கள், கார்டு எடுக்க மாட்டார்கள். குறை என்றால் ஒன்றுதான்: பந்து விளையாட்டு இருக்கும் இரவுகளில் டிவி சத்தத்தில் பாட்டு அடிபட்டுப் போகிறது. அண்ணே, இதைப் படித்தால் அந்த ஓர மேஜைப் பக்கமாவது சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் அங்கேதான் உட்காருகிறார்கள்.