புதைந்த ஆப்பிளா, மூடிய ஆப்பிளா?

போன அக்டோபரில் ஹாம்பர்க் வாரச் சந்தையில் 3 கிலோ போஸ்கோப் ஆப்பிள் வாங்கினேன். பக்கத்து ஆல்டஸ் லாண்ட் தோப்புகளிலிருந்து வருவது. தோல் சொரசொரவென்று இருக்கும், கடித்தால் பல் கூசும். கேக்குக்கு இதற்கு இணையான ஆப்பிள் கிடையாது. சூட்டில் இனிப்பு ஆப்பிள் சப்பென்று ஆகிவிடும், இதன் புளிப்போ நிற்கும்.

ஜெர்மன் வீடுகளில் பிற்பகல் காபியோடு வைக்கும் ஆப்பிள் கேக்குகளில் இரண்டை மாற்றி மாற்றிச் சுட்டேன். ஒன்று வெர்சுங்கெனர்: முட்டையும் வெண்ணெயும் அடித்த மாவில் ஆப்பிள் புதைந்திருக்கும். மற்றது கெடெக்டர்: அடியிலும் மேலேயும் பிஸ்கட் மாதிரியான மாவு, நடுவே ஆப்பிள். ருசியில் இரண்டுமே சோடை போகாது. ஆனால் எங்கள் வீட்டில் இப்போது முதலாவதுதான்.

காரணம் தண்ணீர். ஆப்பிளில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர்தான். வேகும்போது அது எங்கேயாவது போயாக வேண்டும். மூடிய கேக்கில் ஆவி உள்ளேயே சுற்றிவிட்டு அடி மாவில் இறங்குகிறது. என் முதல் கேக்கின் மேல்பக்கம் பொன்னிறம், அடியோ நனைந்த அட்டை. பிறகு ஆப்பிளைத் தனியே வதக்கி ஆற வைத்தேன், அடி மாவை மட்டும் 15 நிமிடம் முன்கூட்டியே சுட்டேன், ரொட்டித்தூள் தூவினேன், மேல் மாவில் முள்கரண்டியால் துளை போட்டேன். சரியாக வந்தது, ஆனால் அரை நாள் போய்விட்டது. நான்கு முறைதான் செய்திருக்கிறேன். கை பழகினால் சுலபமாகலாம்.

புதைந்த கேக்கில் மேல்பக்கம் திறந்திருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது. 125 கிராம் வெண்ணெய், 125 கிராம் சர்க்கரை, 3 முட்டை, 200 கிராம் மைதா, 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சைத் தோல் துருவல். கரண்டியைத் தூக்கினால் மாவு ஓடக்கூடாது, தொப்பென்று விழ வேண்டும். கெட்டியாகத் தெரிந்தால் இரண்டு ஸ்பூன் பால். ஆப்பிளைத் தோல் சீவி, நான்காக்கி, விதை நீக்கி, முதுகுப்பக்கம் வரிவரியாகக் கீற வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கீறுவது போல, வெட்டு மறுபக்கம் போய்விடக் கூடாது. 26 சென்டிமீட்டர் அச்சில் மாவைப் பரப்பி, கீறல் மேலே தெரிய லேசாக அழுத்தினால் போதும். 180 டிகிரியில் 45 நிமிடம். உண்மையில் ஆப்பிள் அவ்வளவாக அமிழ்வதில்லை, மாவுதான் எழும்பி அதைச் சூழ்கிறது. கீறல்கள் விசிறிபோல விரிந்து, ஆவி அவற்றின் வழியே வெளியேறிவிடும். சூடு ஆறுமுன் ஆப்ரிகாட் ஜாமை இளக்கித் தடவினால் பளபளப்பு.

மறுநாளில் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். ஆப்பிளின் ஈரம் கேக்குக்குள் ஊறி, முதல் நாளைவிட மெத்தென்று இருக்கும். மூடிய கேக்கும் ஓரிரவு வைத்தால் வெட்டுவதற்கு வாகாகத்தான் இருக்கிறது. ஓரத்தின் மொறுமொறுப்பு மட்டும் போய்விடுகிறது.

ஈஸ்ட் மாவைத் தட்டில் பரப்பி, ஸ்ட்ரொய்செல் (வெண்ணெய், சர்க்கரை, மைதா சேர்த்துப் பிசிறிய உதிரி) தூவிச் செய்வதும் உண்டு. இருபது பேர் வந்தால் அதுதான் வசதி. நான் இரண்டு முறைதான் செய்தேன், ஒருமுறை குளிரில் மாவு எழும்பவேயில்லை. அதனால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

மிச்சமிருந்த போஸ்கோப் குளிர்ந்த நிலவறையில் டிசம்பர் வரை தாங்கியது. புளிப்பு தணிந்திருந்ததால் கடைசிக் கேக்குக்குச் சர்க்கரையை 110 கிராமாகக் குறைத்தேன்.