அட்டை அழுத்தும் மெஷின்: நான்கு வருடமாகத் தீராத கொக்கித் தொல்லை

போன வாரம் எங்கள் பேலருக்கு, அதாவது காலி அட்டையை அழுத்திக் கட்டாக்கும் மெஷினுக்கு, ஆயில் சீல் மாற்றினோம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நண்பர், "நாங்களும் ஒன்று வாங்கணும், இதையே வாங்கிடலாமா?" என்று கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை எல்லாம் இப்போது எழுதுகிறேன்.

எங்களுடையது கிடங்கு. சரக்கு எல்லாமே அட்டைப்பெட்டியில்தான் வரும். மெஷின் மேலிருந்து கீழே அழுத்தும் வகை, அழுத்தும் விசை 12 டன். நான்கு வருடத்தில் மோட்டார் ஒரு நாளும் படுத்ததில்லை. பம்ப் வாங்கியபோது வந்த அதே பம்ப்தான். கதவு சரியாகப் பூட்டவில்லை என்றால் அழுத்தும் தகடு அசையாது. இந்தப் பாதுகாப்பு விஷயத்தில் ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. சீல் இத்தனை நாள் தாங்கியதும் பெரிய விஷயம்தான்.

பிரச்சினை எல்லாம் கொக்கியில்.

விற்க வருகிறவர்கள் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். அட்டை அழுத்தும்போது அடங்கும், விட்டால் எழும்பும். தகடு மேலே போகும்போது அட்டையும் கூடவே எழும்பாமல் பிடித்து நிறுத்தத்தான் உள்சுவரில் கொக்கிகள் இருக்கின்றன. எங்கள் மெஷினில் பக்கத்துக்கு நான்கு. முதல் வருடம் முடிவதற்குள் மூன்று வளைந்துவிட்டன. அன்றிலிருந்து, தகடு ஏற ஏற அட்டை மொறமொறவென்று விரிந்து இரண்டு சாண் உயரம் எழும்பி, பெட்டி போடும் வாயை அடைத்துக்கொள்கிறது. ஒருமுறை அழுத்த வேண்டிய இடத்தில் மூன்று முறை அழுத்துகிறோம். ஓர் ஆள் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. கட்டும் இறுகுவதில்லை. கதவைத் திறந்தால் அட்டை பிதுங்கி, கட்டுக்கம்பி விறைத்து நிற்கும்.

இரண்டு தடவை வெல்டிங் வைத்துப் பார்த்தோம். கொக்கி நின்றது, ஆனால் அதைத் தாங்கும் சுவர் உப்பிவிட்டது. அந்த இடத்தில் சுவரின் இரும்பு அவ்வளவு மெல்லிசு. மோட்டாருக்கும் பம்புக்கும் இவ்வளவு மெனக்கெட்டவர்கள், நாலு விரல் அகலக் கொக்கிக்குப் பின்னால் ஒரு கனமான பட்டையை வைத்திருக்கக் கூடாதா?

எங்கள் மேலும் தப்பு உண்டு. ஆரம்பத்தில் பெட்டிகளைப் பிரிக்காமல் அப்படியே போட்டோம். சரக்கைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறையையும் அதிலேயே திணித்தோம். அது அட்டையைவிட மோசமாக எழும்பும், வழுக்கவும் செய்யும். அதை நிறுத்தியதும் தொல்லை கொஞ்சம் குறைந்தது. ஆனால் தீரவில்லை.

நண்பர் 20 டன் மெஷின் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறார். டன்னை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்த விசை எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 100-க்கு 70 சென்டிமீட்டர் தகட்டில் 12 டன் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 1.7 கிலோ. 120-க்கு 110 தகட்டில் 20 டன் என்றால் 1.5 கிலோதான். கட்டு பெரிதாக வரும், இறுக்கமாக வராது.

அப்புறம், ஈரக் குப்பை இருந்தால் பேலர் பக்கமே போக வேண்டாம். அழுத்தினால் தண்ணீர் பிழிந்து தரையெல்லாம் ஓடும். அதற்குக் கசியாத பெட்டிக்குள்ளேயே குப்பையை அழுத்தி வைக்கும் காம்பாக்டர்தான் சரி. எந்த மெஷினாக இருந்தாலும் பேட்டரியும் ஸ்ப்ரே டப்பாவும் உள்ளே போகவே கூடாது. நசுங்கினால் தீப்பிடிக்கும்.

வாங்கும் முன் உங்கள் கிடங்கு அட்டையையே எடுத்துப்போய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தகடு அடியில் இருக்கும்போது அட்டை எந்த உயரத்தில் இருக்கிறது, தகடு ஏறி ஒரு நிமிடம் கழித்து எந்த உயரத்தில் நிற்கிறது என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, டார்ச் அடித்துக் கொக்கிகளைப் பாருங்கள். போல்ட் போட்டு மாற்றக்கூடிய கொக்கி என்றால் நல்லது. சுவரின் வெளிப்பக்கம் பட்டை கொடுத்திருக்கிறார்களா என்று தடவியே கண்டுபிடிக்கலாம்.

இதையே வாங்கலாமா என்றால், வேண்டாம். நான்கு வருடம் நின்று உழைத்த மெஷின், மோட்டாரைக் குறை சொல்ல வாய் வராது. ஆனாலும் வேண்டாம். புது சீல் போட்டு ஒரு சொட்டு எண்ணெய் கசியாமல் ஓடுகிற இதே மெஷினில், இன்று காலையும் ஒரே கட்டுக்கு மூன்றாவது முறையாகப் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றேன்.