திருச்சி தூய வளனார் கல்வி நிறுவனம்: வரலாறும் விழுமியங்களும் குறித்து ஒரு மதிப்பீடு

பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்க்க விரும்பும் பெற்றோர் பெரும்பாலும் மூன்று செய்திகளையே விசாரிக்கிறார்கள்: கண்டிப்பு, ஆங்கிலம், தேர்ச்சி விழுக்காடு. அந்நிறுவனம் எதை நம்பித் தொடங்கப்பட்டது, அந்த நம்பிக்கை காலப்போக்கில் எப்படி மாறியது என்று கேட்பவர்கள் குறைவு. திருச்சி தூய வளனார் கல்லூரியையும் அதனோடு ஒரே வேரிலிருந்து வளர்ந்த மேல்நிலைப்பள்ளியையும் மதிப்பிட வேண்டுமானால், இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதன் பிறப்பிடம் திருச்சி அன்று, நாகப்பட்டினம். ஜெசூட்டுகள் எனப்படும் கத்தோலிக்கத் துறவற சபையினரான பிரெஞ்சு இயேசு சபைத் துறவியர் 1844இல் அங்கே தொடங்கிய கல்விக்கூடம் 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. 1773இல் போப்பாண்டவரால் கலைக்கப்பட்ட இயேசு சபை 1814இல் மீண்டும் உயிர்பெற்றபின், தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் டி நோபிலியும் வீரமாமுனிவரும் பணிசெய்த பழைய மதுரை மிஷன் என்ற மறைப்பணித் தளத்தின் நிலப்பகுதிக்கு அதன் துறவியர் திரும்பி வந்த காலம் அது. கல்வி நிறுவனங்களை நடத்துவதில் அச்சபைக்கு நீண்ட மரபு உண்டு. சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் காலத்திலேயே, 1548இல், சிசிலித் தீவின் மெசினா நகரில் முதல் கல்லூரி எழுந்தது; பாடம் நடத்தும் முறையையும் ஆசிரியரின் கடமைகளையும் வரையறுக்கும் விதித்தொகுப்பு 1599இல் வெளிவந்தது. மாணவனை ஓர் எண்ணாகப் பார்க்காமல் தனி ஆளாக அறிந்து வழிநடத்த வேண்டும் என்பது இம்மரபு ஆசிரியரிடம் எதிர்பார்ப்பது.

லூர்து அன்னை ஆலயத்தின் உயர்ந்த கோபுரம், ஆளுநர் லாலியின் பெயர் தாங்கிய அரங்கம், தெப்பக்குளத்தருகே விடுதியாகப் பயன்பட்ட கிளைவ் மாளிகை ஆகியவற்றை எல்லோரும் பாராட்டுவார்கள். அவை பாராட்டுக்குரியனவே. ஆனால் இந்நிறுவனத்தின் வரலாற்றில் கட்டடங்களைவிட முக்கியமானது, மதத்தைப் பற்றி அது கொண்டிருந்த பார்வை அடைந்த மாற்றம். 1890களில் இக்கல்லூரியோடு தொடர்புடைய பிராமண மாணவர் சிலர் கிறித்தவம் தழுவினார்கள். நகரில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது; மதம் மாறியவர்கள் குடும்பத்தையும் சொத்துரிமையையும் இழக்க நேர்ந்ததால், அவர்கள் குடியிருக்க மேரிஸ் தோப்பு என்ற தனிக் குடியிருப்பே உருவானது. கல்விக்காகப் பிள்ளையை அனுப்பிய தாய்தந்தையரின் அச்சமும், மனச்சான்றின்படி முடிவெடுத்த இளைஞரின் உரிமையும் நேருக்கு நேர் மோதிய நிகழ்ச்சி அது. அதை மறைத்துவிட்டு இந்நிறுவனத்தின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

இதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே நிறுவனத்தின் விடுதியில் நடந்ததை அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். 1950இல் சேர்ந்து 1954இல் இயற்பியல் பட்டம் பெற்ற அவர், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவரோடும் கேரளத்துச் சிரியக் கிறித்தவர் ஒருவரோடும் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டார். ஆங்கிலம் கற்பித்தவரும் விடுதிக் காப்பாளருமான அருட்தந்தை செக்கேரா, விவிலியத்தைக் கையில் ஏந்தியபடி இரவுதோறும் ஒவ்வொரு மாணவரையும் பார்த்துவிட்டுப் போவாராம். தீபாவளியன்று விடுதிக்குப் பொறுப்பான துறவியும் உணவுக்கூடப் பணியாளரும் அறை அறையாக வந்து எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் வழங்கினார்களாம். இராமேசுவரத்து இசுலாமிய மாணவரான கலாமே சைவ உணவுக்கூடத்தின் செயலாளராகவும் இருந்தார்! துறவி தம் விவிலியத்தைக் கீழே வைக்கவில்லை. மாணவர்களும் தம் வழிபாட்டை விடவில்லை. தன் நம்பிக்கையில் உறுதியாக நின்றுகொண்டே பிறருடைய பண்டிகைக்கு எண்ணெய் கொண்டுவந்து கொடுக்கும் இந்தப் பண்பையே இந்நிறுவனத்தின் ஆகச் சிறந்த பாடமாக நான் கருதுகிறேன். எந்தப் பாடத்திட்டத்திலும் இதை எழுதிவைக்க முடியாது. உடன் வாழ்ந்துதான் கற்க முடியும்.

அடுத்த திருப்பம் சபை முழுவதற்கும் பொதுவானது. 1973இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில் இயேசு சபைப் பள்ளிகளின் முன்னாள் மாணவரிடையே பேசிய சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே, நம் கல்வி பிறருக்காக வாழ்பவர்களை உருவாக்கியிருக்கிறதா, நீதிக்காக நிற்கக் கற்பித்திருக்கிறதா என்று வெளிப்படையாகவே கேட்டார். வசதியான குடும்பங்களின் பிள்ளைகளைச் செதுக்கி அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது கசப்பாகவே இருந்தது. திருச்சியில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலாக, கல்லூரியின் செப்பர்டு விரிவாக்கத் துறையைச் சொல்வேன். சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கு மாணவர்கள் சென்று மக்களோடு பணிசெய்வதை அது படிப்பின் ஒரு பகுதியாக்கியது. மதிப்பெண்ணுக்காகப் போகும் மாணவரும் இருக்கத்தான் செய்வார்கள். ஆயினும் வேதியியல் படிக்கும் ஒருவர் ஒரு சிற்றூரின் குடிநீர்ச் சிக்கலைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடான வகுப்பறை கிடையாது.

அறிவுத் தேடலிலும் இந்நிறுவனம் குறைவைக்கவில்லை. 1967இல் நிறுவப்பட்ட ராபினாட் உலர்தாவர நிலையம் (ஹெர்பேரியம்) தாவரவியல் அறிந்தோர் எல்லோருக்கும் தெரிந்த இடம். அருட்தந்தை கே. எம். மேத்யூ தலைமையில் அங்கிருந்து வெளிவந்த தமிழக கர்நாடிக் சமவெளியின் தாவரத் தொகுப்பு நூல், நம் நிலத்தின் செடிகொடிகளைப் பற்றிய அடிப்படை நூல்களுள் ஒன்று. இலை இலையாகச் சேகரித்து, உலர்த்தி, பெயரிட்டுப் பாதுகாக்கும் அந்தப் பொறுமைக்கும் துறவு வாழ்வின் ஒழுங்குக்கும் நெருங்கிய உறவு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. 1978இல் தன்னாட்சி பெற்றதும் 2019இல் 175 ஆண்டுகளை நிறைவுசெய்ததும் இவ்வரலாற்றின் பிற மைல்கற்கள்.

பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வுகளுக்கான பயிற்சி ஒன்றே போதும் என்பவர்களுக்கு இந்த மரபு சுற்றுவழியாகத் தோன்றலாம்; அவர்களுக்கென்றே நடத்தப்படும் நிறுவனங்கள் திருச்சியில் ஏராளம். பல மதத்துப் பிள்ளைகளோடு பழகி, நேரத்தையும் கடமையையும் மதித்து, படிப்பின் பயனைப் பிறரோடு பகிர வேண்டும் என்ற நினைப்போடு தம் பிள்ளை வளர வேண்டும் என விரும்பும் பெற்றோருக்கு இந்நிறுவனத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் வரலாற்றை மட்டும் நம்பி எவரும் சேர்க்க வேண்டாம். விண்ணப்பிக்கும் முன் மாணவர் சிலரிடம் நேரில் பேசி, தம்மைப் பெயர் சொல்லி அறிந்திருக்கும் ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விடுதியில் தங்கும் பிள்ளையானால், விடுதிக் காப்பாளரையும் சந்தித்துவிட்டு வரவேண்டும்.