முதல் படகுக்கு மெர்குரி 60: ஒன்ராறியோ ஏரிகளில் எது போதும், எது மிச்சம்

16 அடி அலுமினியப் படகு, கடையாலில் (பின்புறத்தில்) மெர்குரி 60 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், அடியில் ஒற்றை அச்சு ட்ரெயிலர். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஏரிகளுக்கு முதல் படகு தேடும் குடும்பங்களில் பல கடைசியில் வந்து நிற்பது இந்தச் சேர்க்கையில்தான். சிம்கோ ஏரியிலும் கவார்த்தா ஏரிகளிலும் நாலைந்து பேருடன் ஓடவும், தூண்டில் போடவும் இது பொருத்தமான தேர்வு. குறைகளும் உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் எஞ்சினுடையவையாக இருப்பதில்லை; வாங்கும்போது யாரும் குனிந்து பார்க்காத இடங்களில் கிடப்பவை.

கடைக்காரர் முதலில் 40ஐத்தான் காட்டுவார், விலை குறைவு என்பதால். மெர்குரியின் மூன்று சிலிண்டர் 40 என்பது 747 சிசி, 98 கிலோ. 60 நான்கு சிலிண்டர், 995 சிசி, 112 கிலோ. எடை வித்தியாசம் 14 கிலோதான், ஆனால் எஞ்சின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இரண்டு பேர் மீன்பிடிக்கப் போவதென்றால் 40 தாராளம். பெரியவர்கள் நால்வர், ஐஸ் பெட்டி, 25 லீற்றர் பெற்றோல் என்று ஏற்றிவிட்டால் அதே 40 படகின் அணியத்தை (முன்பகுதியை) வானம் பார்க்க வைத்துக்கொண்டு தண்ணீரை உழும். மேலெழுந்து சறுக்க வெகுநேரம் எடுக்கும். முழு வேகத்திலேயே எப்போதும் ஓட வேண்டியிருப்பதால் பெற்றோலும் மிச்சமாகாது. 60 அதே சுமையை நிமிடத்துக்கு 4000 சுழற்சி அளவில் நிதானமாகக் கொண்டுபோகும். முழு வேகத்தில் மணிக்கு 20 லீற்றருக்கு மேல் குடிக்கும், நிதான ஓட்டத்தில் அதில் ஏறத்தாழ பாதி. பெற்றோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்ற பழைய கணக்கை இதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

விளம்பரங்களில் 'கமாண்ட் த்ரஸ்ட்' என்று ஒரு வகையையும் பார்ப்பீர்கள். பெரிய கியர்ப் பெட்டி, 2.33க்கு 1 என்ற கியர் விகிதம், பெரிய விட்டமுள்ள புறொப்பெல்லர். சாதாரண 60இன் விகிதம் 1.83. பொன்ரூன் (மிதவைக் குழாய்கள் மேல் தட்டையான தளமுள்ள படகு) போன்ற கனமான, இழுவை கூடிய படகுக்கு கமாண்ட் த்ரஸ்ட் கட்டாயம் என்றே சொல்லலாம். 16 அடி அலுமினியத்துக்கு அது மிச்சம். சராசரி ஆழம் 1.4 மீற்றர்தான் உள்ள ஸ்கூகொக் போன்ற ஏரியில் பருத்த கியர்ப் பெட்டி பாசியில் உரசிக்கொண்டு போகும். எஞ்சின் பெயரின் பின்னால் வரும் எழுத்துகளையும் வாசியுங்கள்: 'ஈஎல்பிரி' என்றால் மின் ஸ்டார்ட், 20 அங்குல நீளத் தண்டு, பொத்தானால் ஏற்றி இறக்கும் வசதி. உங்கள் படகின் பின்பலகை 20 அங்குலமா, 15 அங்குலமா என்று அளந்து பார்க்காமல் எஞ்சினை மட்டும் மலிவாக வாங்குபவர்கள் பிறகு இரண்டையும் விற்கிறார்கள்.

காருக்குக் கியர் எப்படியோ, இந்த எஞ்சினுக்குப் புறொப்பெல்லர் அப்படி என்று நினைத்துக்கொள்ளுங்கள். முழு த்ரொட்டிலில் இது நிமிடத்துக்கு 5500 முதல் 6000 சுழற்சி வரை போக வேண்டும். வழக்கமான சுமையுடன் ஓட்டிப் பார்த்து 5200ஐத் தாண்டவில்லை என்றால் பிட்ச் (ஒரு சுற்றில் புறொப்பெல்லர் முன்னேறும் தூரம்) கூடிவிட்டது. ஓர் அங்குலப் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுழற்சி ஏறும், ஆகவே இங்கே இரண்டு அங்குலம் குறைத்தால் சரிவரும். கடையில் தனியாளாக ஓட்டிப் பார்த்து 'நல்லா போகுது' என்று வாங்கினால், குடும்பத்தோடு ஏறிய அன்றுதான் உண்மை தெரியும். சுழற்சி எட்டாமல் வருடக்கணக்கில் இழுக்கும் எஞ்சின், நான்காம் கியரில் மலை ஏறும் காரைப் போன்றது.

படகு உடலுக்கு வருவோம். லண்ட், பிரின்ஸ்கிறாஃப்ற், லெஜென்ட் மூன்றுமே ஒன்ராறியோவில் எளிதாகக் கிடைக்கும், உதிரிப் பாகமும் தேடி அலைய வேண்டாம். பெயரைவிட முக்கியமானது ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் ஒட்டியிருக்கும் சிறு தகடு. எத்தனை பேர், எத்தனை கிலோ, அதிகபட்சம் எத்தனை குதிரைவலு என்று அதில் இருக்கும். தகட்டில் 50 என்றிருக்கும் படகில் 60 மாட்டி விற்பவர்கள் உண்டு. விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது அந்தத் தகட்டைத்தான். அதைவிட, அந்தப் பின்பலகை அவ்வளவு தள்ளுவிசைக்குக் கட்டப்பட்டதல்ல.

பழைய படகென்றால் பரிசோதனை அந்தப் பின்பலகையில்தான் தொடங்க வேண்டும். அலுமினியத் தோலுக்குள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. எஞ்சின் போல்ற் துளைகள் வழியே தண்ணீர் இறங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே உளுத்துவிடும். எஞ்சினைப் பாதி உயர்த்தி, கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். எஞ்சினோடு சேர்ந்து பின்பலகை மூச்சு விடுவது போல் அசைந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல பலகை 'டக்' என்று கெட்டியாக ஒலிக்கும், உளுத்தது மங்கலாக ஒலிக்கும். தரையில் நடக்கும்போது மெத்தை மாதிரி அமுங்கினாலும் அதே கதைதான். யாராவது தரைப்பலகையை மாற்றியிருந்தால் என்ன பலகை போட்டார்கள் என்று கேளுங்கள். வீட்டுத் திண்ணைக்குப் போடும் செம்பு மருந்தேற்றிய பலகை அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால், அந்த இடமெல்லாம் அலுமினியம் அரித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும்.

அலுமினியத் தகடுகளை இணைக்கும் ரிவெற்களில் கசிவைப் பிடிக்க எளிய வழி, ட்ரெயிலரில் இருக்கும்போதே படகுக்குள் தோட்டக் குழாயால் தண்ணீர் விடுவது. நாலு அங்குலம் போதும். லீற்றருக்கு ஒரு கிலோ என்பதால் நிறைய விட்டால் ட்ரெயிலர் தாங்காது. வெளியே துளிர்க்கும் இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். இரண்டு மூன்று ரிவெற் கசிவது பெரிய விஷயமில்லை, மறுபடி அடித்து இறுக்கலாம். ஏராவை (அடியின் நடுமுதுகை) ஒட்டி வரிசையாகக் கசிந்தால் படகு பாறையிலோ சிற்றலையிலோ ஓயாமல் அடிபட்டிருக்கிறது.

எஞ்சினில் முதலில் கியர் ஒயில். கியர்ப் பெட்டியின் கீழ் ஸ்குறூவைச் சற்றுத் தளர்த்திச் சில துளி எடுத்துப் பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எத்தனை மணிநேரம் ஓடியது என்பதை விற்பவர் வாயால் கேட்காமல், மெர்குரி பணிமனையில் கணினியை இணைத்து எடுக்கலாம். எந்தச் சுழற்சியில் எத்தனை மணிநேரம் என்பதும் அதில் வரும். கரையில் ஓட்டிப் பார்க்கும்போது தண்ணீர்க் குழாய்க் கவ்வியை மாட்டாமல் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். தண்ணீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் வறட்சியில் ஒரு நிமிடம் சுற்றினாலே கருகிவிடும்.

ட்ரெயிலரைத்தான் எல்லோரும் இலவசமாக வந்தது போல் நினைக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் சில்லுக் கழன்று நிற்கும் படகுகளைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஒரு மணிநேரம் ஓடிச் சூடான சில்லின் ஹப்பை (நடுப்பகுதியை) நேரே குளிர்ந்த ஏரிக்குள் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். கிறீஸ் வெளுத்து பேரிங் துருப்பிடிக்க ஒரு பருவம் போதும். துறையில் கால்மணிநேரம் நிறுத்தி ஆறவிடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை பேரிங்கைக் கழற்றிப் புதிய கிறீஸ் அடையுங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் விழ வேண்டும்; குறைந்தால் 90 கிலோமீற்றர் வேகத்தில் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். இந்த அளவுப் படகு, எஞ்சின், ட்ரெயிலர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு தொன் வரும். ஒன்ராறியோவில் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கேட்கும் 1360 கிலோ எல்லைக்கு இது உள்ளேதான்.

பராமரிப்பு இந்த எஞ்சினின் பலமான பக்கம். நூறு மணிநேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை ஒயிலும் வடிகட்டியும். மூன்று லீற்றர் பிடிக்கும். இங்குள்ள பருவத்தில் நூறு மணிநேரம் ஓட்டுபவர் அரிது, ஆகவே வருடக் கணக்கே கணக்கு. காருக்கு ஊற்றும் ஒயில் வேண்டாம், படகு எஞ்சின்களுக்கான 'எஃப்சி-டபிள்யூ' முத்திரையுள்ளதை வாங்குங்கள். இம்பெல்லர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. எஞ்சின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சும் நீர்த்தாரை மெலிந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது, ஆனால் முதலில் அந்தத் துளையை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். ஸ்கூகொக்கிலும் றைஸ் ஏரியிலும் பாதித் தடவை அடைப்பது பாசிதான். மணிக்கணக்காக மெதுவாக ஓடித் தூண்டில் இழுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: குளிர்ந்த நீரில் எஞ்சின் சூடேறாமல், எரியாத பெற்றோல் ஒயிலோடு கலந்து அதன் மட்டம் ஏறும். அளவுக்கம்பியில் ஒயில் கூடியிருந்தால் மகிழ வேண்டாம், மோந்து பாருங்கள். திரும்பும்போது கால்மணிநேரம் வேகமாக ஓட்டினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகத் துண்டுதான் அனோட்; நன்னீரில் ஓடும் படகுக்கு நாக (ஸிங்க்) அனோட் பயனற்றது, மக்னீசியம் மாட்டுங்கள்.

குளிர்காலத் தயாரிப்பைப் பணிமனையில் செய்யக் கேட்கும் காசுக்கு வீட்டிலேயே இரண்டு வருடத்துக்குச் செய்யலாம். பெற்றோலில் எதனோல் கலந்திருப்பதால் நிலைப்படுத்தி ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டி, அது இன்ஜெக்டர் வரை போகச் செய்யுங்கள். கியர் ஒயிலை வசந்தத்துக்குத் தள்ளிப்போடாமல் அக்டோபரிலேயே மாற்றுங்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்தால் கியர்ப் பெட்டி வெடிக்கும். புதிய ஒயிலைக் கீழ்த்துளை வழியே ஏற்றி, மேல்துளையில் வழியும்போது மேலதை முதலில் மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கி அரைகுறையாகத்தான் நிறையும். எஞ்சினைச் செங்குத்தாக இறக்கியே வையுங்கள், மிச்சத் தண்ணீர் தானாக வடியும். பற்றறியைக் கழற்றி உள்ளே கொண்டுபோங்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமானது. ஓட்டுபவருக்குப் படகோட்டி அட்டை வேண்டும்: 50 கேள்வித் தேர்வு, 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, ஆயுளுக்கும் செல்லும். 10 குதிரைவலுவும் மேலும் உள்ள படகுக்கு உரிம எண் வேண்டும், அணியத்தின் இருபுறமும் 7.5 சென்ரிமீற்றர் உயர எழுத்தில். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கும் கயிறு, துடுப்பு, தண்ணீர் இறைக்கும் வாளி, விசில், நீர்புகா ரோர்ச் அடிப்படைகள். 9 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குச் சரியாகப் பொருந்தும் அங்கி இல்லை, அவர்கள் வளரட்டும். கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றர்தான். ஏரியை விட்டு ஏறியதும் பாசியை நீக்கி, வடிகால் அடைப்பானைக் கழற்றித்தான் வீதியில் போக வேண்டும். 2022 ஜனவரி முதல் அது சட்டம். கழற்றிய அடைப்பானை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அடுத்த முறை சாவியை எடுக்கும்போதே அது நினைவுக்கு வரும்.