ஆண்டு வரிசையில் பழைய ஆர்பிஜி விளையாட்டுகள்: 1992 வரை வந்திருக்கிறேன்

பழைய கணினி ஆர்பிஜி விளையாட்டுகளை, அதாவது வீரனாகவோ மந்திரவாதியாகவோ நாமே பாத்திரமேற்று ஆடுபவற்றை, அவை வெளிவந்த ஆண்டு வரிசையிலேயே ஆடி வருகிறேன். தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வேலை முடிந்து சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து, சாப்பாடும் ஆனபின் கிடைக்கும் நேரம்தான் இதற்கு. பிடித்ததை மட்டும் ஆடாமல் எதற்கு இந்த வரிசை என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

அந்தக் காலத்து ஆட்டம் பாதி திரையில், பாதி மேசைமேல். பெட்டிக்குள் வந்த கையேடும் வரைபடமும் குறிப்பேடும் ஆட்டத்தின் உறுப்புகள். எண்பதுகளின் இறுதியில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் கணினி வைத்திருந்த அண்ணன் ஒருவர், விளையாட்டுகளைப் படியெடுத்த டிஸ்க்கெட்டுகளை, அதாவது அந்தக் காலத்து நெகிழ்வட்டுகளைத் தருவார். தாள் எதுவும் கூட வராது. குறிப்பேட்டில் இந்த எண்ணைப் படிக்கவும் என்று திரை சொல்லும். எங்களிடம் குறிப்பேடே இருக்காது. எங்கள் வயதுக்காரர் பலர் இந்த விளையாட்டுகளைப் பாதியாகத்தான் ஆடியிருக்கிறோம். இப்போது தாள்களையும் சேர்த்து வரிசையாக ஆடும்போதுதான், மேசைமேல் இருந்த பாதி ஆண்டுக்கு ஆண்டு எப்படித் திரைக்குள் குடிபெயர்ந்தது என்று தெரிகிறது.

தொடக்க ஆண்டுகளை வேகமாகக் கடந்தேன். 1975இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினிக்கு மாணவர்கள் எழுதியவை, ரிச்சர்ட் கேரியட்டின் அகலபெத், 1980இன் ரோக் எல்லாம் வரலாற்றுக்காக ஒருமுறை பார்க்க வேண்டியவை. ரோக் மட்டும் இன்றும் அலுக்கவில்லை.

உண்மையான தொடக்கம் 1981இல் வந்த விஸர்ட்ரி. ஆறு பேர் கொண்ட குழு, பத்துத் தளச் சுரங்கம், தளத்துக்கு 20க்கு 20 கட்டம். வரைபடம் கிடையாது, நாமே வரைய வேண்டும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு கட்டு கிராஃப் தாள் வாங்கி வந்தேன். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் வரையும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். நான் ஓரடி முன்னே வைத்துச் சொல்வேன், அவள் கோடு போடுவாள். ஓர் இரவு அவள் பென்சிலை நிறுத்திவிட்டு, “அப்பா, இங்கே கதவு வரைந்திருக்கிறேனே, திரையில் சுவரல்லவா இருக்கிறது?” என்றாள். டூமாபிக் என்ற மந்திரத்தை எழுத்தெழுத்தாகத் தட்டினேன். எந்தத் திசை நோக்கி நிற்கிறோம், படிக்கட்டிலிருந்து கிழக்கே எத்தனை கட்டம், வடக்கே எத்தனை கட்டம் என்று அது சொல்லும். வடக்கே போகிறோம் என்று நினைத்திருந்தோம். குழு மேற்குப் பார்த்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் ஆளைத் திருப்பிவிடும் கட்டம் அது. மகள் அந்தக் கட்டத்தில் ஒரு சுழியைப் போட்டு, அதற்குப் பின் வரைந்த அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும்போது சுரங்கத்தையே பிடித்திருப்பது போன்ற உறுதி வருகிறது. தானாக வரையப்படும் வரைபடம் எதுவும் எனக்கு அதைத் தந்ததில்லை.

இதில் இறப்பும் கடுமையானது. செத்தவரைக் கோயிலில் காசு கொடுத்து எழுப்பலாம். பலிக்காவிட்டால் சாம்பல், அதிலும் பலிக்காவிட்டால் ஆளே இல்லை. ஒவ்வொரு கதவுக்கு முன்னும் திரும்பிப் போய்விடலாமா என்று மனம் கணக்குப் போடும். இந்த அச்சம்தான் விஸர்ட்ரியின் உயிர்.

1985இன் அல்டிமா 4 எனக்கு மிகவும் நெருக்கமானது. வீழ்த்தவேண்டிய வில்லன் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டிலும் நாம் தேற வேண்டும். மந்திர மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு வைப்பது என்பது நம் கையில். குறைத்து வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் ஆட்டம் கணக்கு வைத்துக்கொள்ளும். முந்தைய ஆட்டங்களில் கண்ட பெட்டியையெல்லாம் திறந்து அள்ளிப் பழகிவிட்டு இதற்குள் வந்தால்தான் அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். வரிசைப்படி ஆடுவதன் முதல் பலனை இங்கேதான் உணர்ந்தேன். துணியில் அச்சிட்ட வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள் பழங்கால ரூனிக் எழுத்தில் இருக்கின்றன. எந்த மந்திரத்துக்கு எந்த மூலிகை என்பதும் புத்தகத்தில்தான்.

1988இல் தாளின் ஆட்சி உச்சத்துக்குப் போகிறது. வேஸ்ட்லேண்ட், பூல் ஆஃப் ரேடியன்ஸ் இரண்டிலும் கதையின் பெரும்பகுதியை அச்சுப் புத்தகத்தில் வைத்துவிட்டார்கள். டிஸ்க்கெட்டில் அவ்வளவு எழுத்துக்கு இடமில்லை. திரை எண்ணைச் சொல்லும், நாம் புரட்டிப் படிப்போம். முந்திக்கொண்டு படிப்பவர்களுக்காக வேஸ்ட்லேண்ட் புத்தகத்தில் பொய்ப் பத்திகளையும் கலந்து வைத்திருக்கிறார்கள். சிறுவயதில் அர்த்தமில்லாமல் போன எண்களையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தேன். வாழ்நாள் கடன் ஒன்று தீர்ந்தது.

பூல் ஆஃப் ரேடியன்ஸில் போர் அருமை, காயத்தை ஆற்றுவதுதான் பெரும்பாடு. மந்திரத்தை மனனம் செய்து, ஓய்வெடுத்து, ஒவ்வொருவர் மீதும் தனித்தனியாகச் சொல்லி, மறுபடி மனனம் செய்ய வேண்டும். அதே வீரர்களை 1989இன் கர்ஸ் ஆஃப் தி அஷர் பாண்ட்ஸுக்குக் கொண்டுபோனால், ‘ஃபிக்ஸ்’ என்ற ஒரே கட்டளை இத்தனையையும் முடித்துவிடுகிறது. புதிதாக வருபவருக்கு அது ஒரு பட்டன். எனக்குத் தோளிலிருந்து மூட்டை இறங்கிய நிம்மதி.

வரைபடமும் மெல்லக் கைமாறுகிறது. மைட் அண்ட் மேஜிக் 2இல் குழுவில் ஒருவருக்கு நிலப்படம் வரையும் திறனைக் கற்றுக்கொடுத்தால் திரையிலேயே படம் கிடைக்கும். என் மகளின் வேலையை ஆட்டத்துக்குள் இருக்கும் ஒருவர் எடுத்துக்கொண்டார். 1992இன் அல்டிமா அண்டர்வேர்ல்டில் படம் தானாக விரிகிறது, அதன்மேல் நாமே குறிப்பும் எழுதலாம். தாள் திரைக்குள் போன வழிகளிலேயே மிக அழகானது அதுதான். அதே ஆண்டின் அல்டிமா 7இல் மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து அடுப்பில் வைத்தால் ரொட்டியே வெந்துவிடுகிறது. இப்போது அங்கேதான் இருக்கிறேன். முக்கியக் கதையை விட்டுவிட்டு ஊர்க்காரர்கள் எப்போது கடை திறக்கிறார்கள், எப்போது உறங்கப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: பழையவற்றுக்கு, அவற்றை இன்றைய கணினியில் ஓடவைக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் போதும். அல்டிமா 4 ஜிஓஜி என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் இலவசம். விஸர்ட்ரியின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு மூல ஆட்டத்தின் மீதே கட்டப்பட்டது. பழைய ஆப்பிள் 2 கணினியின் திரையையும் ஓர் ஓரத்தில் காட்டும். கையேடுகளைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள், அதே கணினித் திரையில் வேண்டாம். வரிசையில் எதையாவது விட வேண்டுமென்றால் 1982இன் அல்டிமா 2ஐ விடலாம். அதில் கோள்களுக்கெல்லாம் பறந்து போகலாம், ஆனால் பெரும்பாலானவற்றில் இறங்கிய பின் செய்வதற்கு ஏதுமில்லை.