மியூசிக்கல் தியேட்டர் பயிற்சி என்று 2,400 பவுணை விழுங்கினார்கள்: லண்டன் பெற்றோர் கவனம்

பாட்டு, ஆட்டம், நடிப்பு என்று அலைகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதை வாசியுங்கள். மகளின் பயிற்சிக்கென்று ஒரு இணையத் தளத்துக்குக் கட்டிய 2,400 பவுண். அவ்வளவும் போய்விட்டது. நேற்று இரவு அவர்களிடமிருந்து கடைசி மெயில் வந்தது, "எங்களைப் பொறுத்தவரை இந்த விஷயம் முடிந்துவிட்டது" என்று. எங்களைப் பொறுத்தவரை முடியவில்லை.

கோர்ட்டுக்குப் போகிற எண்ணம் இருப்பதால் பெயரைப் போடவில்லை. இணையத்தில் மட்டும் நடக்கிற ஒரு பயிற்சித் தளம். பதின்ம வயதுப் பிள்ளைகளை லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கிற வெஸ்ட் எண்ட் மேடைக்குத் தயார் செய்கிறோம் என்று விளம்பரம் போடுகிறவர்கள். பிள்ளை இன்ஸ்டாகிராமில் இரண்டு பாட்டு வீடியோ பார்த்தால் போதும், மூன்றாவதாக இவர்கள் வந்து நிற்பார்கள்.

மகளுக்கு 16 வயது. சின்னதிலிருந்து பரதமும் வாய்ப்பாட்டும் படித்தவள். 16 வயதில் எழுதுகிற ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை முடித்த கையோடு, படித்தால் மியூசிக்கல் தியேட்டர்தான் என்று நின்றுவிட்டாள். நாங்களும் சரி என்றோம். இந்தத் துறையில் பாட்டும் நடிப்பும் மட்டும் போதாது, டான்ஸும் அதே அளவுக்கு வர வேண்டும். அவளுக்குப் பாட்டு நன்றாக வரும், நடிப்பும் பரவாயில்லை. ஆனால் பரதத்தின் அரைமண்டியில் பழகிய காலுக்கு பாலே, ஜாஸ், சப்பாத்தால் தரையில் தட்டி ஆடுகிற டேப் எல்லாம் புதிது. டிராமா ஸ்கூல் ஆடிஷனோ 17, 18 வயதில் வந்துவிடும். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் இவர்கள் தூண்டில் போட்டார்கள்.

முதலில் வீடியோ ஆடிஷன். ஒரு பாட்டு, ஒரு வசனம். யூடியூபில் ஏற்றி, லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி வைத்து அனுப்பினாள். மறுநாள் காலையில் ஒரு பெண் போன் எடுத்தா. மகளின் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பிழை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடமாகப் பிழையாகக் கூப்பிட்ட பெயர் அது. மகளின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். "கீழ் ஸ்தாயியில் உங்கள் குரலில் ஒரு கனம் இருக்கிறது, குழுவில் எல்லோரும் அதைக் கவனித்தோம்" என்றா. பரதம் படித்தது பெரிய பலம் என்றா. இருப்பது நாலே நாலு இடம், உங்களுக்கு ஒன்றை வைத்திருக்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றா.

குழுவில் எல்லோரும் கவனித்தார்களாம். போன வாரம் மகள் அந்த வீடியோவைத் திறந்து காட்டினாள். பார்வைகள் 2. ஒன்று என்னுடையது. மற்றது யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மாவுடையது.

கட்டணம் 2,650 பவுண், பாங்க் டிரான்ஸ்ஃபர் என்றால் 2,400 என்றார்கள். இந்தச் சலுகை எதற்கென்று இப்போது விளங்குகிறது. 100 பவுணுக்கு மேற்பட்ட சாமானையோ சேவையையோ கிரெடிட் கார்டில் வாங்கினால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமும் காசைத் திருப்பிக் கேட்கலாம். டிரான்ஸ்ஃபரில் அந்தப் பிடி கிடையாது. இணையத்தில் செய்யும் ஒப்பந்தத்துக்கு வழக்கமாக உள்ள 14 நாள் ரத்து உரிமை இருக்கிறதே, முதல் வகுப்பையே அந்த 14 நாள் கழிந்த பிறகுதான் வைத்தார்கள். நல்ல கெட்டித்தனம்.

சொன்னது வெஸ்ட் எண்ட் கலைஞரோடு வாராவாரம் தனி வகுப்பு. கிடைத்தது முப்பது பிள்ளைகளுக்கு மேல் அடைந்த ஒரு சூம் அறை, பாதிப் பேருக்குக் கேமரா இல்லை. சூமில் ஒருவர் பியானோ வாசிக்க மற்றவர் பாட முடியாது, சத்தம் பிந்தித்தான் வந்து சேரும். அதனால் பிள்ளைகளின் மைக்கை அடைத்துவிட்டுப் பாடச் சொன்னார்கள். பாட்டு வகுப்பில் பிள்ளையின் குரலை யாருமே கேட்கவில்லை! டேப் டான்ஸ் எங்கள் ஃபிளாட்டின் லேமினேட் தரையில் நடந்தது. கீழ்வீட்டுக்காரர் ஏறிவந்து சண்டை பிடித்தார், மனுஷனைக் குறை சொல்ல முடியாது. நாலாவது வாரத்திலிருந்து ஆசிரியரும் இல்லை, பழைய பதிவுகளைப் போட்டு ஓடவிட்டார்கள். கலைஞர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட்டுகள் முன்னால் அரங்கேற்றம் என்றது, கடைசியில் பிள்ளைகளின் வீடியோக்களை ஒரு பக்கத்தில் அடுக்கிவிட்டு "ஏஜென்ட்டுகள் பார்க்கலாம்" என்று எழுதியதோடு சரி.

காசைக் கேட்கத் தொடங்கியதும் வேறு முகம். பெயரை அழகாகச் சொன்ன அந்தப் பெண் "இப்போது எங்களோடு இல்லை". வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. மெயிலுக்கு ஒவ்வொரு தடவையும் புதுப் பெயரில் ஒருவர் வந்து, முதலிலிருந்து விவரம் கேட்பார். ஒருவர் அடுத்த கோடைக்கால வகுப்பில் 20 வீதம் கழிவு தருவதாகச் சொன்னார், இன்னும் காசு கட்டச் சொல்கிறார்! எல்லாவற்றிலும் வயிறு எரிந்தது இதற்குத்தான்: "நீங்கள் கலைத்துறைக் குடும்பம் இல்லை என்பதால் பயிற்சி எப்படி நடக்கும் என்பது உங்களுக்குப் பழக்கமில்லை." அந்த மெயிலை மகளும் வாசித்தாள்.

பாங்கிடம் போனேன். 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றி அனுப்ப வைத்த காசை பாங்குகள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் வகுப்பு என்று ஏதோ ஒன்று நடந்திருப்பதால் இது மோசடி இல்லை, வியாபாரத் தகராறு என்று சொல்லிவிட்டார்கள். 2,400 பவுணை வாங்கிக்கொண்டு நாலு சூம் லிங்க் அனுப்பினால் அது தகராறுதானாம்.

எங்கே படிக்க வைக்கலாம் என்றும் விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது இருக்கிற கோபத்தில் வருவதை மட்டும் எழுதுகிறேன்.

குரொய்டனில் உள்ள பிரிட் ஸ்கூல் என்ற கலைப் பள்ளி அரசுக் காசில் நடக்கிறது, கட்டணம் கிடையாது, 14 வயதிலும் 16 வயதிலும் சேரலாம். 1976இலிருந்து இயங்கும் நேஷனல் யூத் மியூசிக் தியேட்டர் பிள்ளைகளை ஆடிஷன் வைத்து எடுக்கிறது, வசதி குறைந்தவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. லாம்டா, டிரினிட்டி என்ற கலைப் பரீட்சைகளில் 6ஆம் கிரேடிலிருந்து, பல்கலைக்கழகத்துக்குச் சேரும்போது உதவுகிற யூகாஸ் புள்ளி கிடைக்கும். யாராவது "எங்கள் சான்றிதழ்" என்றால் பரீட்சைகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான ஆஃப்குவாலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இவர்களுடையது அதில் இல்லை. 16 முதல் 23 வயதுக்கு டான்ஸ் அண்ட் டிராமா அவார்ட் என்று அரசாங்க உதவி இருக்கிறது, சில தனியார் கல்லூரிகளுக்கு மட்டும். மவுன்ட்வியூ மாதிரி டிராமா ஸ்கூலில் பட்டப்படிப்பு என்றால் மாணவர் கடன் எடுக்கலாம். டான்ஸுக்கு, வீட்டுக்குப் பக்கத்தில் நேரே போய்ப் படிக்கிற பாலே வகுப்பே போதும்.

நல்ல ஏஜென்ட் பிள்ளைக்கு வேலை கிடைத்த பிறகு அதிலிருந்து கமிஷன் எடுப்பார், முதலே காசு கேட்கமாட்டார். கம்பெனி எப்போது பதிவானது என்று, கம்பெனிகளைப் பதிகிற அரசு அமைப்பான கம்பனீஸ் ஹவுஸின் தளத்தில் பாருங்கள். இவர்களுடையது போன வருடம்தான் பதிவாகியிருக்கிறது. காசு கட்டுவதென்றால் கார்டில் கட்டுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் என்று அவசரப்படுத்தினால் போனை வையுங்கள்.

இலவச ஆலோசனை தருகிற சிட்டிசன்ஸ் அட்வைஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று, அவர்கள் வியாபார மோசடிகளைக் கவனிக்கிற டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவார்கள். அடுத்தது சிறு வழக்கு மன்றம். இதே மாதிரி "நாலு இடம்தான்" என்ற போன் உங்களுக்கும் வந்திருந்தால் மெயில்களையும் விளம்பரத்தையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அவர்களின் பக்கத்தில் இருந்த "தனி வகுப்பு" என்ற வரி நேற்றிலிருந்து காணவில்லை.